ஆறாண்டுகள், இரண்டு ஜோடி கௌபாய் பூட்ஸ்: ஃபோர்ட் வொர்த்தில் அன்றாடம் அணிந்த அனுபவம்

எங்கள் வீட்டு வாசலை ஒட்டிய அலமாரியின் கீழ்த்தட்டில் இரண்டு ஜோடி கௌபாய் பூட்ஸ் நிற்கின்றன. ஒன்று பாலாடை நிறம். கெண்டைக்கால் வரை ரோஜாப்பூ எம்ப்ராய்டரி படர்ந்தது. வாங்கி ஆறாண்டுகள் ஆகியும் நேற்றுத்தான் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் பளபளக்கிறது. மற்றொன்று பூவேலை ஏதுமில்லாத பழுப்பு நிற வெள்ளாட்டுத் தோல். அடித்தோல் ஒருமுறை மாற்றப்பட்டு, விரல் மடங்கும் இடத்தில் வரிகள் விழுந்து, வலது கால் முனையில் என் அறியாமையால் ஏற்பட்ட ஒரு கறையோடு நிற்கிறது. புதிதாகத் தெரிவது நான் ஆசைப்பட்டு வாங்கியது, தேய்ந்திருப்பது நான் அணிவது என்று சொன்னாலே இந்த அனுபவத்தில் பாதி விளங்கிவிடும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் நகருக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், இங்கே அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் பெண்கள் சர்வசாதாரணமாக இந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு திரிவதைக் கண்டு ஆசை வந்தது. 2007-இல் இம்மாநிலச் சட்டமன்றம் கௌபாய் பூட்டையே மாநிலத்தின் அதிகாரபூர்வக் காலணியாக அறிவித்திருக்கிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓர் இணையக் கடையின் படம்தான். ரோஜாப்பூக்கள், கத்தரித்து விட்டதுபோன்ற கூர்முனை, உள்நோக்கிச் சரிந்த இரண்டங்குலக் குதி, பதின்மூன்று அங்குல உயரம். வழக்கமாக அணியும் ஷூவின் எண்ணைக் கொடுத்தேன், பெட்டி வந்தது, கால் நுழையவில்லை. இரு கைகளாலும் காதுவார்களைப் பிடித்து இழுத்து ஒருவழியாக நுழைத்தபோது பாதத்தின் மேல்மேட்டில் கயிறு கட்டி இறுக்கியதுபோல் வலித்தது. தரைவிரிப்பில் நடந்து பார்க்காமல் வாசல் சிமென்ட் தரையில் நான்கடி நடந்துவிட்டேன். அடித்தோலில் கீறல் விழுந்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்று அந்த நிறுவனம் கையை விரித்துவிட்டது. விதியை ஒழுங்காகப் படிக்காதது என் தவறு என்றாலும், கால்மேட்டின் உயரத்தைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்காமல் இப்படிப்பட்ட காலணியை விற்பது எந்த வகை நியாயம் என்ற குறை இன்னும் எனக்கு உண்டு.

அந்தக் குறைக்குக் காரணம் இருக்கிறது. கௌபாய் பூட்டில் நாடா கிடையாது, ஜிப்பும் கிடையாது. குதிரையிலிருந்து விழுந்தவரின் கால், சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான அங்கவடியில் சிக்கிக்கொண்டால் பூட் கழன்று கால் தப்ப வேண்டும் என்பதற்கான அமைப்பு அது. கூர்முனை அங்கவடிக்குள் எளிதாக நுழைவதற்கு, உயர்ந்த குதி அதைத் தாண்டிப் பாதம் வழுக்கிப் போகாமலிருப்பதற்கு, உயரமான தோல்குழல் முட்செடிகளிலிருந்து காலைக் காப்பதற்கு. ஆக, காலைப் பூட்டுக்குள் நிறுத்திவைப்பது பாதத்தின் மேல்மேடு ஒன்றுதான். அங்கே தளர்ந்தால் ஒவ்வோர் அடிக்கும் கால் முன்னால் சறுக்கி விரல்கள் நசுங்கும். அங்கே இறுகினால் மாலைக்குள் பாதம் மரத்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கிருந்து வடக்கே உள்ள நகோனா என்ற சிற்றூரின் ஜஸ்டின் குடும்பத்தார், பண்ணையாட்கள் தங்கள் காலைத் தாங்களே நாடாவால் அளந்து அஞ்சலில் அனுப்புவதற்கென்று ஒரு முறையை வகுத்துப் பூட்ஸ் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பாதத்தின் மேட்டையும் சுற்றளந்து அனுப்பிய அந்த மாடு மேய்ப்பவர்களைவிட, ஒற்றை எண்ணை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பிய நான் பின்தங்கித்தான் இருந்திருக்கிறேன்.

இரண்டாவது ஜோடியை ஃபோர்ட் வொர்த்தின் பழைய கால்நடைச் சந்தையான ஸ்டாக்யார்ட்ஸ் பகுதியில், கடைக்கே நேரில் போய் வாங்கினேன். நாள்தோறும் இருமுறை நீண்ட கொம்பு மாடுகளை ஊர்வலமாக ஓட்டிச் செல்லும் செங்கல் பாவிய அந்தத் தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகளும் உண்டு, நிஜமாகவே பண்ணை வைத்திருப்பவர்கள் வாங்கும் கடைகளும் உண்டு. நான் போன கடையில் இருந்த முதியவர் என் காலை அளக்கும் முன் என் காலுறையைப் பார்த்துவிட்டு, "இதை வைத்துக்கொண்டு எதையும் போட்டுப் பார்க்காதீர்கள்" என்று வேறு காலுறை கொண்டுவந்து கொடுத்தார். ஏழு ஜோடிகளைப் போட்டுப் பார்த்தேன். பாதமேட்டில் பிடிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு, நல்ல மனிதர் ஒருவர் உறுதியாகக் கைகுலுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி என்றார். குதிகால் உள்ளே சற்றே மேலெழும்பியதும் பெரிய அளவோ என்று பயந்து கழற்றப் போனேன். புதுத் தோல் அடிப்பாகம் இன்னும் வளையப் பழகவில்லை, அதனால் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை குதி தூக்கத்தான் செய்யும், தூக்காவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று அவர் விளக்கினார். அவர் சொன்னபடியே மூன்று வாரத்தில் அந்தத் தூக்கல் கிட்டத்தட்ட நின்றுவிட்டது.

நான் தேர்ந்தது பதினோரு அங்குல உயரம், உருண்டு குவிந்த முனை, ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவான நடைக்குதி. விலை முந்நூறு டாலருக்குச் சற்று மேல். வெள்ளாட்டுத் தோல் மாட்டுத் தோலைவிட இலேசானது, சீக்கிரம் பழகும், சிறு கீறல்கள் அதன் புள்ளிப்புள்ளியான மேற்பரப்பில் மறைந்துவிடும். தீக்கோழித் தோல் இன்னும் மென்மையாக இருந்தது. விலையைக் கேட்டதும் மரியாதையோடு திருப்பி வைத்துவிட்டேன்.

முதல் வாரம் மாலை வேளைகளில் வீட்டுக்குள் மட்டும் ஒருமணி நேரம், இரண்டாம் வாரம் அரைநாள், அதன்பின் முழுநாள். வலி என்று சொல்ல ஏதுமில்லை, சுண்டுவிரல் பக்கம் இரண்டு நாள் சிவந்திருந்தது. ஆனால் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. புதுத் தோல் அடிப்பாகம் வழவழப்பான தரையில் சோப்புக் கட்டிபோல் வழுக்கும். மளிகைக் கடையில், கொத்தமல்லிக்குத் தண்ணீர் தெளிக்கும் இடத்தருகே, தள்ளுவண்டியைப் பிடித்திராவிட்டால் விழுந்தே இருப்பேன். அந்த வாரமே பூட்ஸ் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, முன்பாதப் பகுதியில் மெல்லிய ரப்பர்த் தகடு ஒட்டி வாங்கினேன். தோல் அடிப்பாகத்தின் மீது ரப்பர் ஒட்டுவது பாவம் என்று நினைக்கும் பூட்ஸ் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஜோடி நடனம் ஆடுபவர்களுக்குத் தோல் வழுக்க வேண்டும், அது நியாயம். மழைநாளில் அலுவலக வாசற்படி ஏறுகிறவளுக்கு அது தேவையில்லை.

இனி உடைகள். என் அனுபவத்தில், உடையின் கீழோரம் பூட்டின் மேலோரத்தை எங்கே சந்திக்கிறது என்பதுதான் தோற்றத்தை முடிவு செய்கிறது. நிறமும் பூவேலையும் அதற்கு அடுத்தபடிதான். நான் ஐந்தடி இரண்டங்குலம். முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை சரியாகப் பூட்டின் விளிம்பைத் தொட்டு நின்றால், கால் அந்த இடத்தில் வெட்டி ஒட்டியதுபோல் ஆகி, நான் இன்னும் இரண்டங்குலம் குட்டையாகத் தெரிகிறேன். ஆகவே இரண்டே வழி. ஒன்று, பாவாடை பூட்டின் மேலோரத்தைத் தாண்டி நான்கு விரற்கடையாவது கீழே இறங்கி, தோல்குழலை முழுதாக மூடிவிட வேண்டும். அப்போது வெளியே தெரிவது கணுக்காலும் முனையும் மட்டும், நடக்கும்போது மட்டுமே குழல் எட்டிப் பார்க்கும். இல்லையேல் பாவாடை முழங்காலோடு நின்று, இடையில் மூன்று நான்கு அங்குலம் கால் தெரிய வேண்டும். பூட்டின் மேல்விளிம்பு முன்னும் பின்னும் வளைந்து இறங்கியிருப்பதற்கு ஒரு பயன் இங்கே தெரிகிறது: நேர்கோட்டு விளிம்பைவிட அந்த வளைவு கெண்டைக்காலைச் சற்று நீளமாகக் காட்டுகிறது. ரோஜாப்பூ ஜோடியில் வளைவு ஆழமில்லை; உயரமும் இரண்டங்குலம் அதிகம்; என் கால்நீளத்துக்கு அது முழங்காலை நெருங்கிவிடுகிறது. எந்தப் பாவாடையோடும் அது ஒத்துவராததற்கு இதுவே காரணம் என்று புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது.

அதிகம் அணிவது ஜீன்ஸோடுதான். கீழே சற்றே விரியும் பூட்கட் ஜீன்ஸை வெளிப்புறமாக விட்டு அணியும்போது, யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத எளிய காலணியாக இது மாறிவிடுகிறது. அன்றாட உடைக்கு நான் விரும்புவதும் அதையே. நீளத்தில் கவனம் வேண்டும். குதிரையேறுகிறவர்கள், உட்கார்ந்தால் கால்சட்டை மேலேறிவிடும் என்பதற்காகவே நீளமாக வாங்கி, நிற்கும்போது பாதத்தின் மேல் மடிப்பு மடிப்பாகக் குவியவிடுகிறார்கள். அலுவலகத்துக்கு அவ்வளவு வேண்டாம்; பின்பக்கம் குதியின் பாதிவரை இறங்கினால் போதும். இதற்காக வழக்கத்தைவிட இரண்டங்குலம் நீளமான ஜீன்ஸ் வாங்கி, பூட்ஸைப் போட்டுக்கொண்டே தையற்கடையில் நின்று ஓரம் மடித்து வாங்கினேன். நேர்வெட்டு ஜீன்ஸும் சரிவரும், கணுக்காலருகே பதினாறு அங்குலச் சுற்றளவாவது இருந்தால். ஒட்டிய ஜீன்ஸைப் பூட்டுக்குள் நுழைத்து அணிவதும் உண்டு; ஆனால் மெலிந்த கெண்டைக்கால் உள்ளவர்களுக்கு அது உரலுக்குள் உலக்கை நிற்பதுபோல் தோன்றும். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்.

எதிர்பாராமல் அமைந்தது சுங்குடிப் பாவாடை. அம்மா கொடுத்திருந்த அரக்கு நிற மதுரைச் சுங்குடிச் சேலையின் தலைப்பு கிழிந்துவிட்டதால், மீதியை இங்கே ஒரு தையற்காரரிடம் கொடுத்து, கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் பாவாடையாகத் தைத்துக்கொண்டேன். அந்த வெள்ளைப் புள்ளிகளும் அரக்கும் பழுப்புத் தோலோடு அப்படி ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கவே இல்லை. மேலே ஒரே நிறத்தில் வெள்ளைச் சட்டை, வேறொன்றும் இல்லை. பருத்தியின் கனம் இருப்பதால் துணி பூட்டின் மேல் சிக்காமல் நேராக விழுகிறது. செயற்கை இழைப் பாவாடைகள் தோலோடு உரசி மேலே ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் வெட்டு வைத்த நேரான குர்த்தியும், அதற்குக் கீழே அகலமான கால்சட்டையும்கூட நன்றாக அமைகின்றன. அனார்கலி போன்ற கொசுவம் நிறைந்த உடையோடு வேண்டாம்; மேலும் கீழும் போட்டி போடும்.

சேலையோடும் முயன்றேன். ஒரு நவராத்திரிக்கு, பூட்ஸின் குதி உயரத்துக்குக் கணக்கிட்டுக் கொசுவம் வைத்துக் கட்டிக்கொண்டு கொலு பார்க்கப் போனேன். வாசலில் பூட்ஸைக் கழற்றியதும் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் குறைந்துவிட்டேன். சேலை அதே உயரத்தில் இருந்தது. மாலை முழுவதும் கொசுவத்தை மிதித்துக்கொண்டு சுண்டல் வாங்கிக்கொண்டேன்.

வாசலில் கழற்றுவது என்ற இந்த விஷயத்தை இங்குள்ள பூட்ஸ் விமர்சனங்கள் எதுவும் பேசுவதில்லை, ஏனென்றால் இங்கே பலரும் வீட்டுக்குள்ளும் பூட்ஸோடு நடப்பவர்கள். நம் வீடுகளுக்குப் போகும்போது நிலைப்படியில் ஒற்றைக்காலில் நின்று, பின்னால் மூன்று பேர் காத்திருக்க, இந்தப் பூட்ஸைக் கழற்றுவது ஒரு வித்தை. ஆங்கில வி எழுத்துப்போல் பிளந்த பூட்ஜாக் என்ற மரப்பலகை வீட்டில் வைத்திருக்கிறேன். ஒரு காலால் பலகையை மிதித்து, மறுகாலின் குதியைப் பிளவில் மாட்டி இழுத்தால் அலுங்காமல் கழன்றுவரும். மடித்து வைக்கத்தக்க சிறியதொன்று காரின் பின்பெட்டியிலும் கிடக்கிறது. கோயிலுக்குப் போகும் நாளில் பூட்ஸே வேண்டாம், செருப்புதான்.

காலுறை விஷயத்தில் கடைக்கார முதியவர் சொன்னதை நான் முதலில் அலட்சியம் செய்தேன். ஜூலை, ஆகஸ்டில் இங்கே வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது சாதாரணம். அந்த நாட்களில் பருத்திக் காலுறை வியர்வையில் நனைந்து அப்படியே ஒட்டிக்கொள்ளும். பூட்ஸ் கழற்றும்போது அதுவும் சுருண்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பூட்டின் விளிம்புக்குச் சற்று மேலே வரும் மெல்லிய கம்பளிக் காலுறை வெயிலிலும் தாங்குகிறது என்பதை நம்புவதற்குக் கடினமாகத்தான் இருந்தது. குட்டைக் காலுறை அணிந்தால் தோல்குழல் கெண்டைக்காலில் உரசிச் சிவக்கும். ஒரே ஜோடியை அடுத்தடுத்த நாள் அணியாமல் ஒருநாள் விட்டு அணிவதும், இடைவேளையில் தேவதாரு மரக்கட்டையை உள்ளே செருகி வைப்பதும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகஸ்டில் வாரத்துக்கு ஒருமுறைதான் போடுகிறேன், அதற்கு மேல் வீம்பு.

முனையிலுள்ள கறையின் கதை இதுதான். முதல் கோடையில் தோல் வறண்டு வெளுத்ததுபோல் தெரிந்தது. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "தோல்தானேடி, ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெய் தடவு" என்றாள். தடவினேன். எண்ணெய் பட்ட இடம் கருத்து அடர்ந்தது, இன்றுவரை வெளுக்கவில்லை. பிறகுதான் தோலின் நிறத்தை மாற்றாத, கண்டிஷனர் எனப்படும் குழம்பு வாங்கினேன். மாதம் ஒருமுறை குதிரைமயிர்த் தூரிகையால் தூசியைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் பழைய பனியன் துணியில் சிறிதளவு குழம்பை எடுத்து வட்டமாகத் தேய்க்கிறேன். தையல் ஓடும் வரிகளிலும், மேல்தோலும் அடித்தோலும் சேரும் விளிம்பிலும் தூசி தங்குவதால் அங்கே கூடுதல் கவனம். கால்மணி நேர வேலை. வசந்தகால ஆலங்கட்டி மழை ஒன்றில் முழுக்க நனைந்தபோது, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே அடைத்து, நான்கு மணிக்கொருதரம் மாற்றி, மின்விசிறிக் காற்றுகூடப் படாமல் இரண்டு நாள் நிழலில் விட்டேன். சூடுகாட்டி உலர்த்தினால் தோல் வெடிக்கும்.

இந்தக் காலணியைச் சுற்றி ஆண்களின் கதைகளே அதிகம் உலவுகின்றன என்பதால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 1925-இல் ஜஸ்டின் சகோதரர்கள் தொழிலை நகோனாவிலிருந்து ஃபோர்ட் வொர்த்துக்கு மாற்றியபோது, அவர்களின் சகோதரி ஈனிட் ஜஸ்டின் உடன்வர மறுத்து, ஐயாயிரம் டாலர் கடன் வாங்கி, அதே ஊரில் நகோனா பூட் கம்பெனி என்ற பெயரில் தன் சொந்தத் தொழிலைத் தொடங்கி நடத்தினார். என் பழுப்பு ஜோடி அந்தப் பெயர் தாங்கியதல்ல; இருந்தாலும் கடையில் எம்ப்ராய்டரி போட்ட ஜோடிகள் உள்ள தட்டுகளை மட்டும் காட்டி "பெண்களுக்கு இவை" என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் நினைவு வருகிறது.

ரோஜாப்பூ ஜோடி வீண் என்று சொல்லிவிட முடியாது. பழுதுபார்ப்பவர் ஈரமாக்கி, மரக்கட்டை வைத்து பாதமேட்டைச் சற்று விரித்துக் கொடுத்தார். மூன்று மணி நேரம் தாங்குகிறது. ஜனவரியில் இங்கே நடக்கும், கால்நடைக் கண்காட்சியும் குதிரையேற்றச் சாகசப் போட்டிகளும் சேர்ந்த ஸ்டாக் ஷோ ரோடியோவுக்கு ஆண்டுக்கொருமுறை அதைப் போடுகிறேன். அங்கே அது பொருத்தம். அலுவலகத்துக்குப் போட்டுச் சென்ற ஒரே நாளில் நான்கு பேர் இன்று என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

பழுப்பு ஜோடியின் அடித்தோல் நான்காம் ஆண்டில் தேய்ந்து, வலது காலின் கட்டைவிரலுக்குக் கீழே மெலிந்துபோனது. மேல்தோலையும் அடித்தோலையும் ஓரப்பட்டையில் தைத்து இணைத்த பூட் என்பதால், அடித்தோலை மட்டும் பிரித்துப் புதிதாகப் போட முடிந்தது. பாதத்தின் நடுவளைவில் ஆணிக்குப் பதிலாக மர முளைகள் அடிக்கப்பட்டிருப்பதைப் பழுதுபார்ப்பவர் பிரித்த நிலையில் காட்டினார். ஈரத்திலும் வெயிலிலும் தோலோடு சேர்ந்தே மரமும் பருத்துச் சுருங்குவதால் அது இரும்பாணியைப்போல் தளர்ந்துவிடாதாம். செலவு நூறு டாலரை ஒட்டி. பூட்ஸ் திரும்பிவரப் பத்து நாட்கள் ஆயின. என்னிடமிருந்த ஜீன்ஸ் அனைத்தும் அந்தக் குதியின் உயரத்துக்கே ஓரம் மடித்துத் தைக்கப்பட்டவை என்பது முதல்நாள் காலையில் கேன்வாஸ் ஷூவை மாட்டியபோதுதான் உறைத்தது; தரையைப் பெருக்கிக்கொண்டு வந்த ஓரங்களை இரண்டு சுற்று மடித்துவிட்டுக்கொண்டே அந்தப் பத்து நாட்களும் அலுவலகம் போய்வந்தேன்.